மீட்ட நாய்க்கு வீடு கிடைக்கும்வரை: ஃபாஸ்டர் எடுப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஃபாஸ்டர் எடுப்பது என்றால் நாய்க்குக் கொஞ்ச நாள் சோறும் படுக்க இடமும் கொடுப்பது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அது பாதி வேலை. தெருவில் அடிபட்டோ, யாராவது கைவிட்டோ வந்த நாயைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரியாது. குழந்தை ஓடி வந்தால் என்ன செய்யும், தனியாக விட்டால் ஊளையிடுமா, இடி இடித்தால் எங்கே போய் ஒளியும் என்பதெல்லாம் உங்கள் வீட்டில் இருக்கும் வாரங்களில்தான் தெரியவரும். அதைக் கவனித்துத் தெரிந்துகொண்டு, எதையும் மறைக்காமல் அடுத்த குடும்பத்திடம் சொல்லிச் சேர்ப்பது மீதிப் பாதி. தத்துக் கொடுத்த நாய் திரும்பி வருகிறது என்றால், பெரும்பாலும் இந்த இரண்டாவது பாதியில் கோட்டை விட்டிருப்பார்கள்.

சென்னையை மனதில் வைத்து எழுதுகிறேன். மற்ற ஊர்களுக்கும் பெரும்பாலானவை பொருந்தும்.

எந்த நாயை எடுக்கலாம்

தெருவில் பார்க்கிற எல்லா நாய்க்கும் வீடு தேவையில்லை. காதில் வெட்டுக்குறி இருந்தால் அதற்கு ஏற்கெனவே கருத்தடை ஆகியிருக்கிறது என்று அர்த்தம். டீக்கடைக்காரர் பன் போடுகிறார், வாட்ச்மேன் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், அதுவும் தன் தெருவில் நிம்மதியாகத் திரிகிறது என்றால் விட்டுவிடுங்கள். கருத்தடையும் ரேபிஸ் ஊசியும் முடிந்த தெருநாயைப் பிடித்த இடத்திலேயே திரும்ப விட வேண்டும் என்பதுதான் 2023இல் வந்த விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின் அடிப்படை. வருடக்கணக்கில் தெருவிலேயே வளர்ந்த நாயை மூன்றாவது மாடி ஃப்ளாட்டில் அடைப்பதால் அதற்கு நல்லது எதுவும் நடக்காது.

ஃபாஸ்டர் உண்மையில் தேவைப்படுவது தாயை இழந்த குட்டிகளுக்கு, கால் போனது, கண் போனது என்று தெருவுக்குத் திரும்ப முடியாதவற்றுக்கு, அப்புறம் வீட்டில் வளர்ந்து கைவிடப்பட்டவற்றுக்கு. கடைசி வகையை எளிதில் கண்டுபிடிக்கலாம்: கழுத்தில் பெல்ட் தழும்பு இருக்கும், வண்டிக்கு ஒதுங்கத் தெரியாது, போகிற வருகிறவர் பின்னாலெல்லாம் ஓடும். லாப்ரடார், ராஜபாளையம், சிப்பிப்பாறை எதுவானாலும் தெருவில் விடப்பட்டால் வெகு நாள் தாங்காது.

இப்போது நான்காவதாக ஒரு வகையும் சேர்ந்திருக்கிறது. பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களிலிருந்து பிடிக்கப்படும் நாய்களை மீண்டும் அங்கேயே விடக்கூடாது என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அவற்றில் மனிதரோடு பழகியவை நிறைய. காப்பகங்களில் இடம் குறைவு. எனவே வீடு தேடித் தருபவர்களின் தேவை முன்பைவிட அதிகம்.

சரி என்று சொல்வதற்கு முன்

வீட்டில் இருக்கும் எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டும். மாமியாருக்குப் பிடிக்கவில்லை, போகப் போகச் சரியாகிவிடும் என்று ஆரம்பித்தால், பகலில் நாயோடு தனியாக இருக்கப்போவது அவர்தான் என்பதை மறந்துவிடுகிறோம். வாடகை வீடு என்றால் உரிமையாளரிடம் வாய்வார்த்தையோடு நிறுத்தாமல் வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்குங்கள். அடுக்ககச் சங்கங்கள் வளர்ப்பு நாயைத் தடை செய்யவோ, லிஃப்டில் ஏற்றக்கூடாது என்று சொல்லவோ முடியாது என்று இந்திய விலங்கு நல வாரியம் 2015லேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. அதன் நகலைக் கைவசம் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதை முதல் நாளே நீட்ட வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரரிடம், "அங்கிள், ஒரு அடிபட்ட நாய், வீடு கிடைக்கிற வரைக்கும் எங்ககிட்ட இருக்கும். ராத்திரி சத்தம் போட்டா எனக்கு ஒரு போன் போடுங்க" என்று நேரில் போய்ச் சொல்வது எந்தச் சட்டத்தையும்விட நன்றாக வேலை செய்யும்.

ஓர் அமைப்பிடமிருந்தோ தனியாக மீட்பவரிடமிருந்தோ நாயை வாங்குகிறீர்கள் என்றால், கையில் வாங்குவதற்கு முன்பே மூன்று விஷயங்களைத் தெளிவாகப் பேசிவிடுங்கள். மருத்துவச் செலவு யாருடையது? நாய் உங்களுக்கு ஒத்துவரவில்லை என்றால் எத்தனை நாளில் திரும்ப எடுத்துக்கொள்வார்கள்? தத்துக் கொடுப்பதில் கடைசி முடிவு யாருடையது? இதைப் பேசாமல் ஆரம்பித்த ஃபாஸ்டர்கள்தான் பிறகு "போனே எடுக்க மாட்டேங்கிறாங்க" என்று புலம்ப நேர்கிறது. நீங்களே தெருவிலிருந்து எடுத்தீர்கள் என்றால் மூன்று கேள்விக்கும் பதில் நீங்கள்தான். அப்போது வீட்டுக்குக் கூட்டி வருவதற்கு முன்பே, அவசரத்துக்கு மாற்றாக நாயை வைத்துக்கொள்ளக்கூடிய ஒருவரையாவது பிடித்துவையுங்கள்.

எவ்வளவு காலம் ஆகும் என்பதை ஆரம்பத்தில் யாராலும் சொல்ல முடியாது. குட்டி சில வாரங்களில் போய்விடலாம். வளர்ந்த நாட்டு நாய்க்கு மாதக்கணக்கில் ஆகலாம். கறுப்பு நாய், பெண் நாய், மூன்று கால் நாய் என்றால் இன்னும் பொறுமை வேண்டும். ஒரு மாதத்தில் வெளியூர் போக வேண்டியிருந்தால் இப்போதைக்கு எடுக்காதீர்கள்.

முதலில் மருத்துவர், பிறகு வீடு

நாயை நேராக வீட்டுக்குக் கூட்டி வராமல் போகிற வழியில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். சென்னையில் வேப்பேரியில் 1903 முதல் இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை, பெரிய எலும்பு முறிவு முதல் சாதாரண ஊசிவரை எல்லாவற்றுக்கும் கை கொடுக்கும். நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு ஊர்களிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உண்டு. காலையில் சீக்கிரம் போய்ச் சீட்டு வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

முதல் பரிசோதனையில் இவற்றைக் கேட்டு வாங்குங்கள்: எடை, பல்லைப் பார்த்துத் தோராய வயது, தோல், காது, ஒரு முழு ரத்தப் பரிசோதனை. கடைசியாகச் சொன்னது முக்கியம். நம் ஊரில் உண்ணிக் காய்ச்சல் சர்வசாதாரணம். வெளியே பார்த்தால் கொஞ்சம் சோர்வாக இருப்பதுபோலத்தான் தெரியும். ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் உள்ளே மளமளவென்று குறைந்திருக்கும். மூக்கில் ரத்தம் வந்த பிறகு ஓடுவதைவிட முதல் நாளே பார்த்துவிடுவது நல்லது. சீக்கிரம் கண்டுபிடித்தால் மாத்திரையிலேயே பெரும்பாலும் சரியாகும். ஆனால் வாரக்கணக்கில் கொடுக்க வேண்டும், பாதியில் நிறுத்தக்கூடாது.

பிறப்புறுப்பில் ரத்தம் சொட்டினாலோ காலிஃபிளவர்போலக் கட்டி தெரிந்தாலோ அது இனச்சேர்க்கையால் நாயிலிருந்து நாய்க்குப் பரவும் ஒரு புற்றுநோயாக இருக்கலாம். தெருநாய்களிடம் அடிக்கடி பார்க்கிற ஒன்று. பார்க்கத்தான் பயமாக இருக்கும். வாரம் ஒருமுறை ஊசி வழியாகக் கீமோ மருந்து ஏற்றினால் பெரும்பாலான நாய்கள் முழுமையாகக் குணமாகின்றன. இதைக் காரணம் காட்டி நாயைக் கைவிட வேண்டியதில்லை.

இனி ரேபிஸ். இதில் மட்டும் எந்தச் சமரசமும் வேண்டாம். இன்று ஊசி போட்டுவிட்டோம் என்பதால் நாய் இன்றே பாதுகாப்பு என்று ஆகிவிடாது. ஏற்கெனவே கிருமி உள்ளே போயிருந்தால் வாரங்கள், மாதங்கள் கழித்துக்கூட நோய் வெளிப்படலாம். எனவே காரணம் தெரியாமல் குணம் மாறுவது, எச்சில் ஒழுகுவது, தாடை தொங்குவது, விழுங்க முடியாமல் திணறுவது ஆகியவற்றைக் கண்டால், தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கும் என்று கையை விட்டுப் பார்க்காதீர்கள். நாயைத் தனி அறையில் விட்டுக் கதவைச் சாத்திவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். யாருக்காவது பல் பட்டாலோ, கீறலில் எச்சில் பட்டாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அரசு மருத்துவமனைகளில் மனிதருக்கான ரேபிஸ் தடுப்பூசி இலவசம். சின்னக் குட்டிதானே, விளையாட்டுக்குத்தானே கடித்தது என்று தள்ளிப்போடுவது உயிரோடு விளையாடுவது. அடுத்தடுத்து நாய்களை எடுப்பவர் என்றால், கடிபடுவதற்கு முன்பே போட்டுக்கொள்ளும் ரேபிஸ் ஊசியைப் பற்றி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

வீட்டில் இடம் ஒதுக்குவது

கதவு உள்ள ஓர் அறை, அல்லது கம்பிவலை போட்ட பால்கனியோடு கூடிய ஒரு மூலை. அங்கே பழைய பாய், போர்வை, கவிழாத கனமான தண்ணீர்க் கிண்ணம். வயர்கள், எலி மருந்து, கொசுவிரட்டி, ஃபினாயில் எல்லாம் மேலே போய்விட வேண்டும். கம்பிக் கூண்டு ஒன்று இரவல் கிடைத்தால் நல்லது. கதவைத் திறந்துவைத்து, உள்ளே போர்வையும் மேலே ஒரு துணியும் போட்டால் நாய் தானாகவே அதைத் தன் குகையாக்கிக்கொள்ளும். தண்டனைக்கு அதில் அடைக்கக்கூடாது.

வீட்டில் ஏற்கெனவே நாயோ பூனையோ இருந்தால் புதியதை இரண்டு வாரம் தனியாக வைத்திருங்கள். கிண்ணம் தனி, துடைக்கிற துணி தனி, இதைத் தொட்டபின் கை கழுவிவிட்டுத்தான் அதைத் தொட வேண்டும். நாய்களைத் தாக்கும் வைரஸ் நோய்களான பார்வோ, டிஸ்டெம்பர் இரண்டும் உடம்பில் சேர்ந்து சில நாள் கழித்துத்தான் வெளியே தெரியும். குட்டி சாப்பாட்டை ஒதுக்கி, வாந்தி எடுத்து, துர்நாற்றத்தோடு ரத்தபேதி போனால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். பார்வோவில் ஓர் இரவு என்பது பெரிய இழப்பு.

முதல் நாட்கள்: ஒன்றும் செய்யாமல் இருப்பது

இதுதான் எல்லோருக்கும் கஷ்டமான கட்டம். உறவினர்கள் பார்க்க வர வேண்டாம். குளிப்பாட்ட வேண்டாம். புண்ணோ தாங்க முடியாத அழுக்கோ இருந்தால் ஈரத்துணியால் துடைத்தால் போதும். கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டால் இழுக்க வேண்டாம். அதே அறையில் தரையில் உட்கார்ந்து உங்கள் வேலையைப் பாருங்கள், போனில் யாரிடமாவது மெதுவாகப் பேசுங்கள். உங்கள் குரலும் மணமும் அதற்குப் பழகட்டும்.

நாய் வளர்ப்பவர்களிடையே மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று ஒரு கணக்கு உண்டு. மிரட்சி அடங்க மூன்று நாள், வீட்டின் நடைமுறை பிடிபட மூன்று வாரம், இது என் இடம் என்று நம்ப மூன்று மாதம். எல்லா நாய்க்கும் அச்சாகப் பொருந்தாது என்றாலும் அவசரப்படாமல் இருக்க இந்தக் கணக்கு உதவும். முதல் வாரத்தில் சாதுவாகத் தெரிகிற நாய் உண்மையில் பயத்தில் உறைந்திருக்கலாம். அந்த வாரத்தில் எடுத்த முடிவை வைத்து "ரொம்ப அமைதியான நாய்" என்று விளம்பரம் போட்டால், மூன்றாவது வாரத்தில் செருப்பைக் கடிக்கும்போது தத்து எடுத்தவர் உங்களைக் குற்றம் சொல்வார்.

பயத்தின் அடையாளங்களைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். உதட்டை நக்குவது, தூக்கம் வராமலே கொட்டாவி விடுவது, முகத்தைத் திருப்பிக்கொள்வது, கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது, வாலை வயிற்றோடு ஒட்டிக்கொள்வது. உறுமலுக்கு முன்பு நாய் இவ்வளவும் சொல்லிப் பார்க்கிறது. உறுமினால் அடிக்காதீர்கள், விலகுங்கள். உறுமலை அடித்து நிறுத்தினால் அடுத்த முறை எச்சரிக்கை இல்லாமல் நேராகக் கடிதான் வரும்.

தப்பி ஓடுவது அதிகமும் இந்த நாட்களில்தான். கதவைத் திறக்கும்போதெல்லாம் யாராவது ஒருவர் நாயைக் கவனிக்க வேண்டும். வெளியே போகும்போது கழுத்துப் பட்டையோடு மார்பில் மாட்டும் ஹார்னஸும் போட்டு இரண்டிலும் கயிறு மாட்டுங்கள். பயந்த நாய் பின்னால் இழுத்துத் தலையை உருவிக்கொண்டு ஓடிவிடும். கழுத்தில் உங்கள் போன் நம்பர் எழுதிய ஒரு சின்ன வில்லை முதல் நாளிலிருந்தே தொங்க வேண்டும்.

சாப்பாடு

விலை உயர்ந்த பாக்கெட் உணவு கட்டாயமில்லை. குழைய வேகவைத்த சோறு, எலும்பில்லாத கோழி அல்லது ஈரல், கொஞ்சம் பரங்கிக்காய் அல்லது கேரட், மஞ்சள் ஒரு சிட்டிகை. உப்பு, மிளகாய், வெங்காயம் கிடையாது. முட்டை நல்லது. மெலிந்துபோன நாய்க்கு ஒரே வேளையில் வயிறு முட்டப் போட்டால் வாந்தி, பேதி என்று அவதிப்படும். கொஞ்சம் கொஞ்சமாக நாலு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். பால் பல நாய்களுக்குப் பேதியாகும். தயிர்சோறு பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். சமைத்த எலும்பு உடைந்து குடலைக் குத்தும். திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட், வெங்காயம் நாய்க்கு நஞ்சு. கேசரியிலும் பாயசத்திலும் உலர்திராட்சை இருக்கும் என்பதை வீட்டுப் பெரியவர்களுக்குச் சொல்லிவையுங்கள். காய்ச்சலுக்கு நாம் போடும் மாத்திரையை நாய்க்குக் கொடுக்கவே கூடாது.

மாத்திரை கொடுக்க வேண்டியிருந்தால் ஈரல் துண்டில் செருகிக் கொடுங்கள். அதையும் துப்பினால் முதலில் வெறும் துண்டு ஒன்று, அடுத்து மாத்திரை வைத்தது, உடனே மூன்றாவது என்று வேகமாக நீட்டினால் மூன்றாவதைப் பிடிக்கும் அவசரத்தில் இரண்டாவதை விழுங்கிவிடும்.

தடுப்பூசி, பூச்சி மருந்து, கருத்தடை

குட்டிக்கு ஆறு முதல் எட்டு வார வயதில் பார்வோ, டிஸ்டெம்பருக்கான முதல் ஊசி. பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாக 16 வாரம்வரை. ரேபிஸ் ஊசி மூன்று மாதத்தில், பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியில். பூச்சி மருந்து குட்டிக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பெரிய நாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. எல்லாவற்றையும் ஒரே தடுப்பூசி அட்டையில் எழுதி, ஸ்டிக்கர் ஒட்டி, மருத்துவரின் கையெழுத்தோடு வைத்திருங்கள். அது நாளைக்கு நாயோடு போக வேண்டியது. ஊசிகள் முடியாத குட்டியைத் தெருத் தரையில் இறக்காதீர்கள், ஆனால் தூக்கிக்கொண்டு போய் வண்டிச் சத்தம், கோயில் மணி, ஸ்கூல் பிள்ளைகள் எல்லாவற்றையும் காட்டுங்கள். மூன்று வாரத்திலிருந்து மூன்று மாதம்வரை ஒரு குட்டி எதைப் பார்க்கிறதோ அதற்குப் பிற்பாடு பயப்படுவது குறைவு.

கருத்தடை முடிந்த நாயைத்தான் தத்துக் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. குட்டியாக இருந்தால் வயது வந்ததும் செய்வோம் என்று எழுதி வாங்கி, அந்த மாதத்தில் நீங்களே போன் செய்து கேட்க வேண்டும். "பெண் நாய் வேண்டாம், குட்டி போட்டுத் தொலைக்கும்" என்று பெண் குட்டிகளைத்தான் நம் ஊரில் அதிகம் ஒதுக்குகிறார்கள். ஆபரேஷன் முடிந்த பெண் நாய்க்கு அந்தப் பேச்சே இல்லை. தவிரவும், மார்பகக் கட்டியும் கருப்பைச் சீழும் வரும் வாய்ப்பு வெகுவாகக் குறையும்.

நோட்டுப் புத்தகம்

நான் சொல்ல வந்ததில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். ஒரு சாதாரண நோட்டில் தினமும் இரண்டு மூன்று வரி எழுதுங்கள். என்ன சாப்பிட்டது, எப்போது வெளிக்குப் போனது, எதற்குப் பயந்தது, யாரிடம் தானாகப் போனது, எவ்வளவு நேரம் தனியாக இருந்தது. பிறகு மெதுவாகச் சோதித்துப் பாருங்கள். ஐந்து நிமிடம் கதவைச் சாத்திவிட்டு வெளியே நில்லுங்கள், அப்புறம் பதினைந்து, அப்புறம் ஒரு மணி நேரம். ஆட்டோவில் ஏற்றிப் பாருங்கள். குழந்தை உள்ள வீட்டு நண்பரைக் கூப்பிட்டு, கயிறு கையில் இருக்க, தூரத்திலிருந்து பார்க்க விடுங்கள். சாப்பிடும்போது பக்கத்தில் நடந்து பாருங்கள், ஆனால் தட்டில் கை வைத்து வம்புக்கு இழுக்காதீர்கள்.

எங்கள் வீட்டுக்கு வந்த ஒரு செவலைப் பெண் நாய், துடைப்பத்தைக் கையில் எடுத்தாலே நின்ற இடத்தில் சிறுநீர் விட்டுவிடும். பெருக்கும் நேரத்தில் அதை வேறு அறையில் விட்டோம். துடைப்பத்தைத் தரையில் கிடத்தி, கொஞ்ச தூரத்தில் ஈரல் துண்டு போட்டோம். நாள் போகப் போகத் துண்டு துடைப்பத்துக்கு அருகே நகர்ந்தது. கடைசியில் துடைப்பக் குச்சிகளுக்கு நடுவிலிருந்தே எடுத்துத் தின்றது. ஆனாலும் யாராவது துடைப்பத்தை ஓங்கிப் பிடித்தால் பழைய பயம் எட்டிப் பார்க்கும். தத்துக் கேட்டு வந்த அம்மாவிடம் நோட்டைத் திறந்து இதைத்தான் முதலில் படித்துக் காட்டினோம். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "எங்க வீட்டுக்கு வேலைக்கு வர்ற அக்காகிட்டயும் இதைச் சொல்லி வச்சிடறேன்" என்றார். அந்த ஒரு பதிலிலேயே சரியான வீடு என்று தெரிந்துவிட்டது.

வெளிக்குப் போகப் பழக்குவதற்கும் இந்த நோட்டு உதவும். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் ஒரே இடத்துக்குக் கூட்டிப் போங்கள். அங்கே போனால் உடனே பாராட்டும் ஒரு துண்டும். வீட்டுக்குள் போய்விட்டால் பேசாமல் துடைத்துவிடுங்கள். மூக்கை அதில் தேய்ப்பது பழைய காலக் கொடுமை. உங்களைக் கண்டு பயப்படத்தான் அதனால் நாய் கற்றுக்கொள்ளும்.

படமும் அறிமுகமும்

மேலே நின்றுகொண்டு எடுத்த படத்தில் எல்லா நாயும் ஒன்றுபோல பாவமாகத்தான் தெரியும். தரையில் உட்கார்ந்து, நாயின் கண் மட்டத்தில், காலை வெளிச்சத்தில் எடுங்கள். கறுப்பு நாயை நிழலான இடத்தில், வெளிர் நிறச் சுவருக்கு முன்னால் எடுத்தால்தான் முகம் தெரியும். ஒரு படத்தில் நாய் மனிதருக்குப் பக்கத்தில் நிற்கட்டும், உயரம் புரியும். கயிற்றில் நடப்பது, சோபாவுக்குப் பக்கத்தில் தூங்குவது என்று அரை நிமிட வீடியோ ஒன்று. புண்ணோடு மீட்ட நாள் படத்தை முதலில் போடாதீர்கள். அது இரக்கத்தைத்தான் கொண்டுவரும், இரக்கத்தில் எடுத்த முடிவு ஒரு மாதம் தாங்குவதில்லை.

எழுதும்போது "அன்பான நாய், நல்ல வீடு தேவை" என்று நிறுத்தினால் யாருக்கும் எதுவும் புரியாது. இப்படி எழுதுங்கள்: "மைனா, சுமார் இரண்டு வயது, பெண், 14 கிலோ. கருத்தடையும் ஊசிகளும் முடிந்தன. நான்கு மணி நேரம் தனியாக இருப்பாள். பெரியவர்களிடம் ஒட்டிக்கொள்வாள். குதித்து விளையாடும் சின்னக் குழந்தைகளைக் கண்டால் ஒதுங்குவாள், எனவே பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் உள்ள வீடு நல்லது. பூனையைத் துரத்துவாள். இடிச்சத்தத்துக்குப் பாத்ரூமில் போய்ப் படுப்பாள்." கடைசி மூன்று வரிகளால் அழைப்பு குறையும். வரும் அழைப்புகள் உருப்படியாக இருக்கும்.

கால்நடை மருத்துவமனை அறிவிப்புப் பலகை, அடுக்கக வாட்ஸ்அப் குழுக்கள், அலுவலக நண்பர்கள், சென்னையில் அவ்வப்போது நடக்கும் தத்து முகாம்கள் எல்லாவற்றிலும் சொல்லுங்கள். முகாமின் கூட்டமும் சத்தமும் ஒத்துக்கொள்ளாத நாயை அங்கே கொண்டுபோக வேண்டாம். மழைக்காலம் முடிந்து மார்கழி, தை மாதங்களில் தெருக்குட்டிகள் நிறையப் பிறந்திருக்கும். அப்போது எல்லோரும் குட்டியைத்தான் கேட்பார்கள், பெரிய நாய்க்கு வீடு தேடுபவர்கள் மனம் தளர வேண்டாம்.

யாருக்குக் கொடுப்பது

முதலில் போனில் பேசுங்கள். உடனே சரி சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் யார் யார், சொந்த வீடா வாடகையா, பகலில் யார் இருப்பார்கள், ஊருக்குப் போனால் நாயை யார் பார்ப்பார்கள், முன்பு நாய் வளர்த்தீர்களா, அது என்ன ஆயிற்று என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு "தெரிஞ்சவங்க பண்ணையில விட்டுட்டோம்" என்று பதில் வந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

"காவலுக்கு வேணும்" என்பவர்கள் பலர் கெட்டவர்கள் இல்லை. ஆனால் நாய் எங்கே தூங்கும் என்று கேட்டுப் பாருங்கள். கேட்டுக்குப் பக்கத்தில், சங்கிலியில், மழைக்கு ஒரு தகரம் என்றால் மரியாதையாக மறுத்துவிடுங்கள். பிள்ளையின் பிறந்தநாளுக்குத் திடீர்ப் பரிசாகக் கேட்பவர், கருத்தடை வேண்டாம் ஒருமுறை குட்டி போடட்டும் என்பவர், வீட்டைப் பார்க்க வர வேண்டாம் என்பவர் ஆகியோரும் அப்படியே. காலேஜ் ஹாஸ்டல் அறைக்குக் கேட்கும் தம்பிகளின் ஆசை உண்மையானது. அவர்களை வார இறுதியில் நாயை நடத்திக் கூட்டிப்போக வரச் சொல்லுங்கள். நல்ல உதவி கிடைக்கும்.

வீட்டை நேரில் பாருங்கள், முடிந்தால் நாயோடு. பால்கனிக் கம்பி இடைவெளி, மொட்டைமாடிச் சுவர் உயரம், கேட்டின் அடியில் உள்ள சந்து. வீட்டில் பெரியவர் இருந்தால் அவரோடு தனியாக இரண்டு வார்த்தை பேசுங்கள். "பாட்டி, உங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்டால் உண்மை அங்கேதான் வரும்.

உங்கள் மனதில் தோன்றும் சின்ன நெருடலைத் தள்ளிவிடாதீர்கள். மறுத்ததற்குக் காரணம் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றில்லை. "இந்த நாய்க்கு உங்க வீடு பொருந்தாதுன்னு தோணுது, மன்னிச்சுக்கோங்க" என்றால் போதும்.

ஒப்படைப்பு

தீபாவளிக்கு முன்பின் நாட்களில் நாயை இடம் மாற்றாதீர்கள். வெடிச் சத்தத்தில் புது வீட்டிலிருந்து ஓடிப்போகும் நாய் திரும்பி வர வழி தெரியாது. பொங்கல் விடுமுறையில் ஊருக்குக் கிளம்பும் குடும்பத்திடமும் திரும்பி வந்த பிறகு கொடுங்கள்.

ஒப்படைக்கும்போது கூடவே போக வேண்டியவை: தடுப்பூசி அட்டை, கருத்தடைச் சான்று, மருந்துச் சீட்டுகள், நோட்டின் நகல், ஒரு வாரத்துக்கு அது சாப்பிட்டுப் பழகிய உணவு, துவைக்காத அதன் போர்வை. எழுத்தில் ஓர் ஒப்பந்தம் வேண்டும். அதில் இவை கட்டாயம்: எந்தக் காரணத்துக்காகவும் வளர்க்க முடியாமல் போனால் நாயை உங்களிடம்தான் திருப்பித் தர வேண்டும், வேறு யாருக்கும் கைமாற்றக்கூடாது, தெருவில் விடவே கூடாது. தத்தெடுத்த தெருநாய் மறுபடி தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது தத்தெடுத்தவரின் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றமும் 2025 ஆகஸ்டில் சொல்லியிருக்கிறது. சென்னையில் வளர்ப்பு நாய்க்கு மாநகராட்சி உரிமமும் மைக்ரோசிப்பும் கட்டாயம். அதைப் புதிய உரிமையாளர் பெயரில் பதிவு செய்துவிட்டார்களா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

முதல் இரவு போன் வரும். "சாப்பிடவே மாட்டேங்குது, அழுதுகிட்டே இருக்கு" என்பார்கள். அது இயல்புதான், இரண்டு நாள் பொறுங்கள் என்று தைரியம் சொல்லுங்கள். நீங்களே கிளம்பிப் போய்ப் பார்க்காதீர்கள். உங்களைப் பார்த்தால் அது பழகியதெல்லாம் மறுபடி முதலிலிருந்து. மறுநாள், முதல் வாரம், முதல் மாதம், மூன்றாவது மாதம் என்று விசாரியுங்கள். திரும்ப வந்தால் தத்தெடுத்தவர் மேல் கோபப்படாதீர்கள். ஏன் ஒத்துவரவில்லை என்பதைக் கேட்டு நோட்டில் எழுதுங்கள். அடுத்த அறிமுகத்தில் சேர்க்க வேண்டிய வரி அதுதான்.

நாயைக் கொடுக்க மனமே வரவில்லை என்றால் நீங்களே வைத்துக்கொள்வதில் தவறேதும் இல்லை. ஆனால் வீட்டின் இடமும் பணமும் ஒரு நாயோடு நிரம்பிவிடும் என்றால், அடுத்து வரவேண்டிய நாய்களுக்கு உங்கள் கதவு மூடிக்கொள்ளும் என்பதையும் யோசித்து முடிவெடுங்கள்.

அடுத்த நாயை எடுப்பதற்கு முன் அறையைச் சுத்தம் செய்யுங்கள். பார்வோ வந்த நாய் இருந்திருந்தால் சாதாரண ஃபினாயில் போதாது. அழுக்கை முதலில் கழுவி எடுத்துவிட்டு, ஒரு பங்கு பிளீச்சுக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவ வேண்டும். அப்படிச் செய்தாலும் மண்ணிலும் இடுக்கிலும் அந்தக் கிருமி மாதக்கணக்கில் தங்கும். எனவே அந்த வீட்டுக்கு அடுத்ததாக ஊசி போடாத குட்டியைக் கொண்டுவராதீர்கள். தடுப்பூசி முழுமையாக முடிந்த பெரிய நாயாகப் பார்த்து எடுங்கள்.